பேட்ச் என்ற சொல்லின் பிறப்புச் சான்று

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடக் கூடாது என்பார்கள். முடிச்சுப் போடுவதற்கென்றே ஓர் ஆணையம் இருப்பது தையல்காரருக்கு அதுவரை தெரியாது. இத்தனைக்கும் விஷயம் முழங்காலைப் பற்றியதுதான். அவருடைய மனைவியின் வலது முழங்கால்.

திரைச்சீலை மாட்டுவதற்காக ஸ்டூலில் ஏறியவள், இறங்கும்போது ஸ்டூலின் உதவி இல்லாமல் இறங்கினாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு விழுந்தது.

"ஆறு வாரம். அது முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடணும். கட்டைப் பிரிச்சு, படம் எடுத்துப் பார்த்து, முட்டியை மடக்கிப் பழக்கணும். தள்ளிப் போட்டீங்கன்னா இறுகிடும். அப்புறம் என்னைக் கேட்காதீங்க" என்றார் டாக்டர்.

இருவரையும் ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுபோய் விட்டது லிஃப்ட். அது செய்த கடைசி நல்ல காரியம் அதுதான். அன்று சாயங்காலமே ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு கதவைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அதையும் நிறுத்திவிட்டது.

வாரங்கள் போயின. லிஃப்ட் போகவில்லை. ஆறு வாரம் நெருங்கவே, நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். படிக்கட்டோ குறுகல். திருப்பத்தில் நீட்டிய கால் மடங்காது, சுவர் நகராது. எதிர்வீட்டுக்காரருக்குக் கை நழுவி, நாற்காலி இரண்டு படி தானாகவே இறங்கியது. "இன்னொரு காலையும் உடைக்கிறதா இருந்தா மேல கொண்டுபோங்க, இன்னும் ஒரு ரவுண்டு வரலாம்" என்றாள் அவள். திரும்ப மேலே தூக்கிப் போனார்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் நாலாம் மாடி வரை ஏறி, உட்கார்ந்து, ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள். டாக்டர் ஏறுவதாக இல்லை. கட்டு வெட்டும் மெஷின் ஆஸ்பத்திரியில், படம் எடுக்கும் மெஷின் ஆஸ்பத்திரியில், தான் மட்டும் வந்து என்ன செய்வது என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். இந்தக் கதையில் எல்லாரும் நியாயமாகத்தான் பேசுவார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் கூட நியாயமாகத்தான் பேசினார்.

"கோளாறு என்னன்னு தெரியும் அண்ணே. மருந்தும் கையில இருக்கு. கொடுக்கத்தான் கூடாது" என்றார், மடியில் சின்னக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கீழ்த்தளத்துப் படியில் உட்கார்ந்தபடி.

"புரியற மாதிரி சொல்லுப்பா."

"லிஃப்டை ஓட்டுறது உள்ள இருக்கிற ப்ரோகிராம். அதுல ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கக் கம்பெனி ஒரு துண்டு அனுப்பியிருக்கு. பேட்ச்னு பேரு. தட்டினா ரெண்டு நிமிஷம், அக்கா கீழ வந்துடலாம்."

"தட்டேன்!"

"சொற்பிறப்பு ஆணையம்னு ஒண்ணு இருக்குண்ணே. புதுச் சட்டம். பொதுஜனம் ஏறி இறங்குற எந்த மெஷின்லயும், வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் சொல்லு எதைப் போட்டாலும் அந்தச் சொல்லுக்குப் பிறப்புச் சான்று இருக்கணும். பேட்ச்சுக்கு இல்ல."

"சொல்லுக்கா பிறப்புச் சான்று?"

"சொல்லுக்குத்தான். என்னோடதே எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"வேற பேர்ல போட்டுட வேண்டியதுதானே?"

"போட்டேனே. 'சரிபண்றது'ன்னு எழுதிக் கொடுத்தேன். சொல்லின் பிறப்பை மறைத்த குற்றம்னு நோட்டீஸ் வந்துடுச்சு. இன்னொரு தடவைன்னா லைசென்ஸ் போயிடும்."

"அப்ப நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. பட்டனை நான் தட்டறேன்."

"யார் தட்டினாங்கன்னு அது எழுதி வெச்சுக்கும்ணே" என்றார் மெக்கானிக், கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு.

தையல்காரர் மேலே ஏறிப் போய்ச் சொன்னார். அவள் அவருடைய மர ஸ்கேலை மாவுக்கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"போய்க் கேளுங்க. ஊர்ல இருக்கிற எல்லார் இடுப்பையும் அளந்து வெச்சிருக்கீங்க. ஆபீசர்னா மட்டும் அளவு மாறிடுமா?"

மறுநாள் ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு, கடையை மூடிவிட்டு ஆணையத்துக்குப் போனார். அவசரத்தில் கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக் கழற்ற மறந்துவிட்டார். மறந்தது அது ஒன்றுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

ஆணையம் இருந்தது ஏழாம் மாடியில். லிஃப்ட் ஓடியது. உள்ளே கண்ணாடி, மெத்தை வைத்த ஸ்டூல், அதில் ஒரு லிஃப்ட் ஆள். சத்தமே இல்லாமல் ஏறியது.

"ஓடுதே!" என்றார் தையல்காரர்.

"ஓடாம? அந்த பேட்ச்சைப் போட்டாச்சுல்ல."

"இதுக்கு மட்டும் சான்று இருக்கா?"

"எதுக்கு? சட்டம் கையெழுத்தாகறதுக்கு முந்தின நாளே போட்டுட்டாங்க. தெரிஞ்சவங்க தெரிஞ்ச நேரத்துல செய்வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டார் அந்த ஆள்.

காத்திருக்கும் பெஞ்சில் ஒரு செருப்புத் தைப்பவர் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரை எழுப்புவதை 'பூட்' என்கிறார்களாம். ஒருவன் தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று வெளிநாட்டில் ஒரு பேச்சு உண்டாம், அதிலிருந்து வந்ததாம். அதற்குச் சாட்சியாக அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு விசாரணையிலும் பூட்ஸ் போட்டு, வாரைப் பிடித்து, தன்னைத் தானே தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள். இன்னும் தூக்க முடியவில்லை. தூக்கும் வரை வழக்கு முடியாது.

"மனு கொடுக்க வந்தீங்களா? கொடுத்துட்டு ஓடிடுங்க" என்றார் அவர், அங்குமிங்கும் பார்த்துவிட்டு. "தொழில் என்னன்னு கேட்டா மட்டும் சொல்லிடாதீங்க."

அதற்குள் செயலரின் அறைக் கதவு திறந்தது. செயலர் மனுவைப் பார்க்கவில்லை. தையல்காரரின் கழுத்தைப் பார்த்தார்.

"தையலா?" என்றார். அவர் கண் கலங்கியதுபோல் இருந்தது. "உட்காருங்கள் ஐயா, உட்காருங்கள். உங்களை எங்கெல்லாம் தேடினோம்!"

"என் லிஃப்ட்…"

"லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்பது எங்கள் துறை அல்ல. எந்தச் சொல் இல்லாததால் ஓடவில்லை என்பதுதான் எங்கள் துறை. பேட்ச் என்றால் அவர்கள் மொழியில் கிழிசலில் வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணி. ஆகவே அதன் பிறப்புக்குத் தையல் தொழிலிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். இந்த ஊர்த் தையல்காரர்கள் பலருக்கும் கடிதம் போட்டோம். எல்லாரும் கடையை மூடிவிட்டு ஓடுகிறார்கள். பூர்வீகம் தெரியாத ஒரு சொல்லை நம்பி, பூர்வீகம் உள்ள மனிதர்கள் அத்தனை மாடி உயரத்தில் தொங்குவதா? நீங்களே சொல்லுங்கள்."

"இப்ப யாரும் தொங்கலைங்க. அவ படுத்துக் கிடக்கா."

"பாதுகாப்பாக" என்றார் செயலர். "அதுதான் எங்கள் சாதனை."

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மனு கொடுத்தவரே சாட்சி சொல்ல முடியாது. சாட்சி இல்லாவிட்டால் மனு நகராது. ஆகவே மனு நகர வேண்டுமானால் மனுவை வாபஸ் வாங்க வேண்டும். தையல்காரர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் செயலர் பொறுமையாகச் சொன்னார். மூன்றாம் முறை தையல்காரருக்கே அது சரி என்று பட்டது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

"ஆக, இப்ப நீங்க லிஃப்டுக்காகப் போகலை" என்றாள் மனைவி, அன்று மாலை.

"இல்ல. சாட்சியா."

"எதுக்குச் சாட்சி?"

"ஒட்டுப் போடறதை ஒட்டுப் போடறதுன்னுதான் சொல்றாங்கன்னு."

"ஆறு வாரம் வர்ற திங்கக்கிழமையோட முடியுது. உங்க ஆணையத்துக்குத் திங்கக்கிழமைன்னு ஒண்ணு இருக்கிறது தெரியுமா, அதுக்கும் சான்று வேணுமா?"

திங்கட்கிழமை விசாரணை. தலைவர் வந்து உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினார்.

"இந்த ஆணையம் தோன்றிய நாளிலிருந்து ஒரு சொல்லைக்கூட நாம் நிராகரித்ததில்லை."

கைதட்டினார்கள்.

"ஒரு சொல்லைக்கூட ஏற்றதும் இல்லை."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"இதற்குப் பெயர்தான் நடுநிலை. வேகமாக முடிவெடுப்பவர்கள் தவறு செய்வார்கள். நாம் இதுவரை ஒரு தவறும் செய்ததில்லை என்பதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்."

விதிப்படி, சொல் எப்படிப் பிறந்ததோ அப்படியே அதை ஆணையத்தின் முன் நிகழ்த்திக் காட்ட வேண்டும். தையல்காரர் ஊசி, நூல், ஒரு கிழிந்த கால்சட்டை எல்லாம் கொண்டுபோயிருந்தார். கால்சட்டையைச் செயலர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கத்தரித்த கிழிசல். செல்லாது. உழைப்பில் தேய்ந்த துணியாக இருக்க வேண்டும்."

கட்டடம் முழுக்கத் தேடினார்கள். ஒவ்வொரு அதிகாரியாக நிற்கவைத்துப் பார்த்தார்கள். முழங்கை தேய்ந்த சட்டை கிடைக்கவில்லை, எழுதுகிறவர்கள் இல்லை. முட்டி தேய்ந்த கால்சட்டை கிடைக்கவில்லை, குனிகிறவர்கள் இல்லை. கடைசியில் தலைவரே ஏதோ எடுக்க எழுந்தபோது, உட்காரும் இடத்தில் துணி நூல் நூலாக நின்று வெளிச்சம் தெரிந்தது. ஆணையத்தில் உழைப்பில் தேய்ந்த ஒரே துணி அதுதான்.

தலைவர் மேசை விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு தலைமை வகித்தார். தையல்காரர் தரையில் உட்கார்ந்து அந்தக் கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டார். சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்குக் கொடுத்திருந்த நேரம் அந்தத் தையலிலேயே போய்விட்டது.

தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஆட்சேபணை!"

காகித அறிஞர் என்று அவரைச் சொன்னார்கள்.

"கிழிசலில் வைக்கும் துணிக்கு அந்தப் பெயர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குள் அந்தச் சொல் எப்படி வந்தது? ஆரம்ப காலத்தில் கட்டளைகளைக் காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகக் குத்தித்தான் உள்ளே அனுப்பினார்கள். தப்பான இடத்தில் ஓட்டை விழுந்தால் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி அடைத்தார்கள். அந்தத் துண்டுதான் பேட்ச். இதில் ஊசி எங்கே? நூல் எங்கே? இந்த மனிதர் எதற்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றார் தையல்காரர். யாரும் கவனிக்கவில்லை.

துணி அறிஞர் எழுந்தார். "அந்தக் காகிதத் துண்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது யார்? துணி! துணிதான் அப்பன்!"

"காகிதம்தான் அப்பன்!"

இருவர் சொன்னதும் சரி. அதுதான் தகராறே. சான்றில் தந்தை பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

அடுத்த விசாரணை, அதற்கடுத்த விசாரணை என்று அப்பன் யார் என்ற கேள்வி இழுத்துக்கொண்டே போனது. தையல்காரர் கடையைப் பாதி நாள்தான் திறந்தார். மாலையில் மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்காரும்போது, "இன்னிக்கு யாரோட கால்சட்டை?" என்று கேட்பாள் மனைவி. முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் தையல்காரர் விசாரணையில் எழுந்து நின்றார். "ஐயா, ஒண்ணை அப்பான்னு போட்டு இன்னொண்ணை அம்மான்னு போட்டுடுங்களேன். கோடி புண்ணியமாப் போகும்."

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் அவர் நினைத்தார்.

"துணிக்கும் காகிதத்துக்கும் திருமணம் நடந்ததற்கு ஆதாரம் உண்டா?" என்றார் தலைவர்.

ஆதாரம் தேட ஓர் உபகுழு போட்டார்கள். உபகுழு திரும்பி வந்து, அந்தக் காலத்தில் காகிதத்தையே கந்தல் துணியை ஊறவைத்துக் கூழாக்கித்தான் செய்தார்கள் என்று அறிக்கை கொடுத்தது. துணி அறிஞர் துள்ளிக் குதித்தார். காகித அறிஞர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அப்படியானால் துணி, காகிதத்துக்கு அப்பா" என்றார் தலைவர். "அப்பாவுக்கும் மகளுக்கும் எப்படிய்யா கல்யாணம்? சாட்சி எங்களை என்ன பாவம் செய்யச் சொன்னார் பார்த்தீர்களா?"

தையல்காரர் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பாவத்தில்தான் வழி பிறந்தது. துணி தாத்தா, காகிதம் அப்பா. தாத்தாவுக்கென்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தார்கள். தாய் என்ற இடத்தில் 'விசாரணையில்' என்று போட்டார்கள். ஆணையத்தின் சரித்திரத்திலேயே முதல் முறையாக ஒரு சொல்லுக்குப் பிறப்புச் சான்று கொடுப்பதென்று முடிவாயிற்று. தலைவர் ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு நின்று பேசினார். "தாமதம் என்றார்கள். பிள்ளை பெறுவதில் அவசரம் உண்டா?" என்று கேட்டார். செருப்புத் தைப்பவர் கூட ஒரு பூட்ஸோடு ஓடி வந்து கைதட்டினார்.

சான்றை அச்சடித்துக் கொடுத்தவர் பழைய ஃபைல் எல்லாவற்றுக்கும் பொறுப்பான குமாஸ்தா. தையல்காரர் கையில் கொடுக்கும் முன் ஒருமுறை வாசித்துப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பேட்ச் போடவிருக்கும் கட்டடத்தில் எத்தனை மாடி என்ற இடத்தில் ஒன்பதுக்குப் பதில் ஏழு என்று விழுந்திருந்தது. ஆணையத்தின் மாடியையே போட்டுவிட்டார்கள்.

"இருங்க, ஒரு நிமிஷம்" என்று மேசை இழுப்பறையைத் திறந்து கோந்து பாட்டிலை எடுத்தார். ஒரு துண்டுக் காகிதத்தை நகம் அளவுக்குக் கத்தரித்து, ஏழின்மேல் ஒட்டி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் ஒன்பது என்று அழகாக எழுதினார். சுற்றி அறிஞர்கள் நின்றிருந்தார்கள். இத்தனை விசாரணையில் நிகழ்த்திக் காட்ட முடியாமல் போன பிறப்பு அவர்கள் கண்ணெதிரே நடந்து முடிந்தது. யாரும் அதைக் குறிப்பெடுக்கவில்லை. தேநீர் வந்திருந்தது.

தையல்காரர் ஓடினார். அந்த லிஃப்ட் இறங்கும் வரை கூடப் பொறுக்காமல் படியில் இறங்கி ஓடினார். மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துச் சான்றைக் கையில் வைத்தார். மெக்கானிக் முன்பக்கம் படித்தார். சிரித்தார். பின்பக்கம் படித்தார். சிரிப்பு நின்றது.

"அண்ணே. இதுல ஒட்டுப் போட்டிருக்கே."

"போட்டா என்ன? சரியாத்தானே போட்டிருக்கு?"

மெக்கானிக் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது: அடித்தல், திருத்தல், ஒட்டுப் போடுதல் உள்ள சான்று செல்லாது.

"நான் என்னண்ணே பண்ணட்டும்?" என்றார் மெக்கானிக். அவர் தையல்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

தையல்காரர் திரும்பவும் ஏழாம் மாடிக்குப் போனார். குமாஸ்தாவுக்கு உண்மையிலேயே வருத்தம்.

"ஒட்டாம வேற எப்படிங்க திருத்தறது?"

"புதுசா ஒண்ணு அடிச்சுக் கொடுங்க."

"அது எப்படி முடியும்? ஒரு சொல் ரெண்டு தடவை பிறக்காதே."

செயலரிடம் போனார். செயலர் அவரை ஒரு பார்வையாளரைப்போல் வரவேற்றார். "உங்கள் மனு எங்கே?" என்று கேட்டார். மனு இல்லை. வாபஸ் வாங்கியாயிற்று. புதிய மனு கொடுக்கலாமா என்றால், சான்று கொடுத்தாகிவிட்ட சொல்லுக்கு மனு வாங்க மாட்டார்கள். தலைவரைப் பார்க்க வேண்டுமென்று கதவருகே நின்றார். தலைவர் வெளியே வந்து தோளில் தட்டினார்.

"செல்லாமல் இருக்கலாம். ஆனால் சரியான சான்று. அதை நினைத்துப் பெருமைப்படுங்கள்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, பின்பக்கத்தைத் தொட்டுக்காட்டி, "உங்கள் தையல் இன்னும் விடவில்லை" என்றார்.

தையல்காரர் கத்தவில்லை. கத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. வாழ்க்கையில் அவர் சத்தமாகச் சொன்னதெல்லாம் இடுப்பளவு, மார்பளவு, கை நீளம்தான். கண்ணாடி வைத்த லிஃப்டில் இறங்கினார். அதில் தெரிந்த ஆளைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம் கட்டடத்தில் ஒன்பது மாடி ஏறினார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், சுவருக்குப் பின்னால், லிஃப்ட் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் முகத்திலேயே எல்லாம் இருந்தது. அவள் கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள். பெரிய கத்தரிக்கோல், கோட்டுத் துணி வெட்டுவது, ஆணியில் தொங்கியது.

"எடுங்க."

"டாக்டர் மெஷின்ல வெட்டணும்னார்…"

"டாக்டர் சொன்ன வாரமெல்லாம் எப்பவோ போயாச்சு. எடுங்கன்னா எடுங்க. கோடு போட்டுத் தரணுமா?"

மாவுக்கட்டைத் தண்ணீர் விட்டு ஊறவைத்தார். தொடையிலிருந்து ஆரம்பித்து, ஒரு கால்சட்டையின் பக்கத் தையலைப் பிரிப்பதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு கீழே வந்தார். கத்தரிக்கோலின் வாய் மழுங்கிவிட்டது. கட்டு இரண்டாகத் திறந்தது. உள்ளே இருந்த கால் அவருக்குத் தெரிந்த கால் இல்லை. மெலிந்து, வெளுத்து, இன்னொருவருடையதைக் கொண்டுவந்து வைத்ததுபோல் கிடந்தது. அவருடைய மர ஸ்கேலில் முறிந்த ஒரு துண்டு அதன் பக்கத்தில் இருந்தது.

"மடக்குங்க."

அவர் கணுக்காலை ஒரு கையாலும் முட்டியை ஒரு கையாலும் பிடித்து மடக்கப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள். முட்டி கொஞ்சம்கூட அசையவில்லை. மறுபடி பார்த்தார். அவள், "போதும்" என்றாள்.

அவர் காலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இதுக்கும் அந்த வெளிநாட்டுக்காரங்க ஒரு பேர் வெச்சிருப்பாங்க" என்றாள் அவள். "எங்க பிறந்துச்சு, யார் பெத்தான்னு போய்க் கேட்டுட்டு வாங்க."

பழக்க தோஷத்தில் அவர் எழுந்து அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வாசல் வரை போய்விட்டார். பிறகு திரும்பி வந்து, நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் காலடியில் மறுபடியும் உட்கார்ந்தார்.